தலைகீழ் எட்டு

அவளை எல்லோரும் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தோடு நின்றுவிட்டது. தொழில் அப்படி, சுபாவமும் அப்படி. போன வீட்டில் சுவரில் ஒரு படம் கோணலாகத் தொங்கினால் போதும், கொடுத்த காபி உள்ளே இறங்காது. எழுந்துபோய் அதை நேராக்கிவிட்டு வந்தால்தான் பேச்சே வரும்.

தொழிலைச் சொல்லாமல் விட்டால் புரியாது. போர் விமானங்களை உள்ளங்கை அளவுக்குச் சிறிதாக்கி, துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். வாங்கியவர்கள் வயது வித்தியாசம் பார்க்காமல் உட்கார்ந்து ஒட்டி, வண்ணம் தீட்டி, கடைசியில் எண்ணையும் சின்னத்தையும் பதிப்பார்கள். அதற்கு டீகால் என்று பெயர். தண்ணீரில் நனைத்தால் தாளை விட்டு வழுக்கிக்கொண்டு வரும் மெல்லிய படலம். பெட்டியோடு ஒரு டீகால் தாள் வரத்தான் செய்யும். ஆனால் அதை அச்சடித்த மகராசன் சிவப்பை ஆரஞ்சாக்கி, மூன்றைக் குண்டாக்கி, ஏதோ கடனே என்று அடித்திருப்பான். அதைச் சகிக்காதவர்கள் தனியாகத் தாள் வாங்குவார்கள். அந்தத் தாளை அடித்துக் கொடுப்பவள்தான் பூதக்கண்ணாடி. வீட்டின் பின்னறையில் ஒரு அச்சு இயந்திரம், ஒரு மேஜை விளக்கு, இரண்டு அலமாரி நிறையப் பழைய புகைப்படங்கள். தாளை வெட்டி உறையில் போடுவது அவளுடைய நாத்தனார். அந்த அம்மாளுக்குக் கத்தியும் வாயும் ஒரே கூர்மை.

ஒருநாள் காலையில் கதவு தட்டப்பட்டது. உயரமான ஒரு பெண்மணி, அறுபதைத் தாண்டியவர், ஒரு கையில் குடை, மறு கையில் அட்டைப்பெட்டி. உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை.

"முப்பத்தெட்டாம் நம்பர் விமானத்துக்குத் தாள் போடறது நீங்கதானே?"

"ஆமாம்மா."

"எட்டு தப்பு."

பூதக்கண்ணாடிக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. விமானம் ஒட்டுகிறவர்கள் சேர்ந்து நடத்தும் மன்றத்தில், அந்தத் தாளில் குறை கண்டுபிடிப்பவருக்குப் பரிசே கொடுக்கலாம் என்று எழுதியிருந்தார்கள்.

நாத்தனார் கத்தியைக் கீழே வைத்தாள். "எட்டுல என்னங்க தப்பு? ஏழுக்கு அப்புறம்தானே வருது?"

வந்தவர் சிரிக்கவில்லை. "தலைகீழா இருக்கணும். மேல பெரிய வட்டம், கீழ சின்ன வட்டம். பெயின்ட் அடிச்சவங்க எண் வெட்டின ஸ்டென்சில் தகட்டைத் திருப்பி வெச்சு அடிச்சுட்டாங்க. மூணு வாரம் கழிச்சுதான் கவனிச்சாங்களாம், அப்படியே விட்டுட்டாங்க. எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. அது என் வீட்டுக்காரர் ஓட்டின விமானம்."

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவர் கணவர் கடல் பக்கம் பறந்து போனார். திரும்பவில்லை. விமானமும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை.

"பள்ளிக்கூடம் விட்டு வந்தா சாயங்காலம் ரொம்ப நீளமா இருக்கும்மா," என்றார் டீச்சர். "அழுதுக்கிட்டு உக்கார எனக்குப் பிடிக்கல. விமானம் ஒட்ட ஆரம்பிச்சேன். அவரோட படையில இருந்த எல்லா விமானத்தையும் பண்ணிட்டேன். இதை மட்டும் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். இப்போ பண்ணிட்டேன்."

பெட்டிக்குள் மெத்தென்ற துணியில் அந்த விமானம் இருந்தது. வேலை சுத்தமான வேலை. பூதக்கண்ணாடியே கண்ணை எடுக்கவில்லை. ஆனால் வால் பக்கத்தில் எட்டைச் சுற்றி ஒரு தழும்பு. மூன்றும் எட்டும் ஒரே படலத்தில் அச்சாகியிருந்ததால், எட்டை மட்டும் அறுத்துத் திருப்பி ஒட்டியிருக்கிறார். ஒட்டு தெரிந்தது.

"ரெண்டு தாள் பாழாச்சு. நீங்களே சரியா அடிச்சுக் குடுத்துடுங்க." பெட்டிக்கு அடியில் வைத்திருந்த கோப்பிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து நீட்டினார். சட்டைக் கையை மடித்துவிட்ட ஒரு இளைஞர் விமானத்தின் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கிறார். தோளுக்குப் பின்னால் 38. எட்டுக்குத் தலை கனத்திருந்தது. பின்பக்கம் பேனாவில் எழுதியிருந்தது: 'எட்டுதான் தலைகீழ். ஓட்டுகிறவன் நேராகத்தான் இருக்கிறான்.'

பூதக்கண்ணாடி லென்ஸை வைத்துப் பார்த்தாள். பார்க்கத் தேவையே இல்லை. இந்த எட்டை அவள் முன்பே பார்த்திருக்கிறாள்.

"ஒரு வாரத்துல தர்றேம்மா," என்று எப்படியோ சொல்லிவைத்தாள்.

டீச்சர் படத்தைக் கோப்பில் திரும்ப வைக்கும்போது ஒரு கடிதம் நழுவி விழுந்தது. அதை எடுத்தபடியே பேச்சுவாக்கில் சொன்னார். "இதுவும் இதே ஃபைல்தான். நாலு வருஷம் முன்னாடி மீன்பிடிக்கிறவங்க வலையில ஒரு விமானத் தகடு வந்துதாம். கடைசி இலக்கத்தோட மேல்பாதி மட்டும் இருந்துதாம். விமானப்படை அலுவலகத்துல பாத்துட்டு, அது முப்பத்தெட்டு இல்ல, முப்பத்தொன்பதுன்னு எழுதிட்டாங்க. முப்பத்தொன்பதும் அதே கடல்லதான் விழுந்துது. அதை ஓட்டினவர் பாராசூட்ல குதிச்சுப் பிழைச்சவர். நல்லா இருக்கார்." கடிதத்தின் மடிப்பை விரலால் நீவினார். "படிச்சதும் ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துது. அப்போ எங்கயாவது இருக்கலாமேன்னு. இன்னும் வாசல்ல யாராவது நின்னா, அவரோடதா இருக்குமோன்னு முதல்ல செருப்பைத்தான் பாக்கறேன். பைத்தியக்காரத்தனம்தான்."

பூதக்கண்ணாடி கடிதத்தை வாங்கிப் படித்தாள். மூன்றே வரி. ஒப்பிட்டுப் பார்த்ததில் பொருந்தவில்லை. அடியில் பொடி எழுத்தில்: ஒப்பீட்டுக்கு எடுத்த வரைபடம், எண் 116.

டீச்சர் அதை ஏதோ கோப்பு எண் என்று நினைத்திருக்க வேண்டும். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் நூற்றுப்பதினாறு என்பது பூதக்கண்ணாடி போட்ட தாளின் எண்.

டீச்சர் போனதும் அவள் அலமாரியின் மேல்தட்டைக் குடைந்து ஆறு வருஷத்துக்கு முந்தைய வேலைக் குறிப்பேட்டையும், அன்றைக்குப் பார்த்து வரைந்த விமானப் புகைப்படத்தையும் எடுத்தாள். அவள் கையெழுத்தே அங்கே காத்திருந்தது. 'எட்டு தலைகீழாக உள்ளது. அடித்தவன் கவனக்குறைவு. சரி செய்துவிட்டேன்.' சரி செய்துவிட்டேன் என்பதன் கீழே இரண்டு கோடு வேறு. அன்றைக்கு என்ன ஒரு பெருமை! எவனோ விட்ட பிழை, என் கண்ணுக்குத் தப்பவில்லை பார் என்று.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?" என்றாள் நாத்தனார்.

"அண்ணி, அலுவலகத்துல அந்தத் தகட்டை என் தாளை வெச்சுதான் ஒப்பிட்டுப் பாத்திருக்காங்க. என் தாள்ல எட்டோட மேல்வட்டம் சின்னது. தகட்டுல பெருசா இருந்திருக்கு. பெரிய வட்டம் மேல இருந்தா அது ஒன்பதுதானேன்னு எழுதிட்டாங்க. நான் பாட்டுக்குப் படத்துல இருந்த மாதிரியே போட்டிருந்தா, அன்னைக்கே அது முப்பத்தெட்டுன்னு தெரிஞ்சிருக்கும்."

நாத்தனாருக்கு விஷயம் பிடிபட ஒரு நிமிஷம் ஆயிற்று. பிடிபட்டதும் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இப்ப இது யாருக்குத் தெரியும்? உனக்கும் எனக்கும்தானே. புதுத் தாளை அடிச்சுக் குடு, அந்தம்மா சந்தோஷமா ஒட்டிக்கட்டும். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குன்னுவாங்க. உன் எட்டு ஆறு வருஷம் ஓடியிருக்கு. இன்னும் கொஞ்சம் ஓடட்டுமே."

"அண்ணி!"

"கத்தாதே. நான் உன் பேருக்காக மட்டும் சொல்லல. அவங்க ஏதோ ஒரு மூலையில ஆள் இருக்கார்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. போய் அதையும் பிடுங்கப் போறியா?"

அந்தக் கேள்வி தைத்தது. பூதக்கண்ணாடி நாற்காலியில் உட்கார்ந்தாள். நாத்தனார் சொன்னதில் தப்பில்லை என்று ஒரு மனசு சொல்லிற்று. செருப்பைப் பார்க்கிற அந்தப் பார்வை கண்முன் வந்ததும் அந்த மனசு வாயை மூடிக்கொண்டது.

"அந்த நம்பிக்கையை அவங்களுக்கு அடிச்சுக் குடுத்ததே நான்தான் அண்ணி. தப்பான தாள் அது. திரும்ப வாங்கித்தான் ஆகணும்."

"உன்னைத் திருத்த முடியாது," என்றாள் நாத்தனார். ஆனால் சாத்திய கதவை அவளே திறந்துவிட்டாள்.

மறுநாள் பூதக்கண்ணாடி படை அலுவலகத்துக்குப் போனாள். கோப்புகளைப் பார்க்கும் அலுவலர் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களிடம்தான் வாதாடி ஜெயிப்பது கஷ்டம். அவர் பொறுமையாகக் கேட்டார், குறிப்பேட்டைப் படித்தார், புகைப்படத்தைப் பார்த்தார்.

"நீங்க போட்ட தாளு. மன்றமே பாராட்டின தாளு. எங்க பழைய கோப்பெல்லாம் தண்ணியில ஊறிப் போச்சு, அதனாலதான் அதை எடுத்தோம். இப்ப நீங்களே வந்து தப்புங்கறீங்க. நாளைக்கு வந்து இதுவும் தப்புன்னு சொல்ல மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது.

"படத்தைத் திருப்பி அச்சடிச்சிருக்கலாமே?" என்றார் மறுபடி.

"திருப்பி அடிச்சா மூணும் திரும்பும் சார். மூணு நேரா இருக்கு."

"சரி. ஆனா கோப்பு மூடியாச்சும்மா."

கோப்பு மூடியாச்சு என்றால் அவள் வாயும் மூடிவிடும் என்று அவர் நினைத்திருக்கலாம். ஆளைத் தெரியாது பாவம். இரண்டு நாள் கழித்து மறுபடி போனாள். மூன்றாவது தடவை அலுவலகம் திறக்கும்போதே போய் உட்கார்ந்து, மூடும்வரை எழுந்திருக்கவில்லை. எதிர்ச் சுவரில் இருந்த நாள்காட்டி கோணலாகத் தொங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தொடாமல் இருந்தாள். கடைசியில் அலுவலரே வந்து எதிரில் நின்றார்.

"விடாக்கண்டியா இருக்கீங்களே. தகடு கிடங்குலதான் இருக்கு. பாக்கணும்னா விமானம் ஓட்டினவரோட மனைவி கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் வேணும். அது இல்லாம என்னால பூட்டைத் திறக்க முடியாது."

அதாவது, முதலில் டீச்சரிடம் சொல்லியாக வேண்டும். அதைத்தான் அவள் கடைசிக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் வீட்டு முன்னறையில் மூன்று தட்டில் விமானங்கள் வரிசையாக நின்றன. பூதக்கண்ணாடி சுற்றி வளைக்கவில்லை. குறிப்பேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினாள். நூற்றுப்பதினாறு என்றால் என்ன, தகட்டைப் பார்க்க எந்த விண்ணப்பத்தில் கையெழுத்து வேண்டும் என்று சொன்னாள்.

"நாலு வருஷம்," என்றார் டீச்சர்.

"ஆமாம்மா. என்னாலதான்."

"உன்னை யாரு சரி பண்ணச் சொன்னா?" குரல் ஏறிற்று. "சொல்லு! படத்துல ஒண்ணு இருக்கு. அதைப் பாத்து அப்படியே போடறதுதானே உன் வேலை? சரி பண்ண நீ யாரு? ஒவ்வொரு தடவை கதவு தட்டும்போதும் எழுந்து ஓடியிருக்கேன். காலு வலிக்குதுன்னு உக்காராம ஓடியிருக்கேன்! போ. எழுந்து போ."

பூதக்கண்ணாடி எழுந்தாள். கண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டாள். தனக்கு அழ உரிமை இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. வாசல் கேட்டைத் திறக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏய். அந்த விண்ணப்பத்தை வெச்சுட்டுப் போ."

திரும்பிப் போய்க் கொடுத்தாள். டீச்சர் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். "எனக்கு ஊகமெல்லாம் வேண்டாம். இருக்கும்போல தெரியுதுன்னு சொன்னா மார்க் போட மாட்டேன். நிரூபிச்சுக் காட்டணும்."

அப்போது ஆரம்பித்தது வேலை. நகத்தளவு எண்களை அடித்தே பழகியவள், முதல் தடவையாக முழு அளவில் ஒரு எண்ணை வரைய உட்கார்ந்தாள். உண்மையான விமானத்தில் அந்த எண் முழங்கை நீளம் இருந்திருக்கும். கணக்கு எப்படி? புகைப்படத்தில் எண்ணுக்குக் கீழே தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகள் வரிசையாகத் தெரிந்தன. ஆணிக்கும் ஆணிக்கும் எவ்வளவு இடைவெளி என்று விமானத்தின் வரைபடப் புத்தகத்தில் இருந்தது. அதை வைத்து அளவைப் பிடித்தாள்.

ஒளி ஊடுருவும் ஃபிலிமில் சிவப்புக் கோட்டில் எட்டின் விளிம்பை வரைந்தாள். ஒரு ஃபிலிம் போதாது, இரண்டு செய்தாள். ஒன்றில் தலைகீழ் எட்டு. இன்னொன்றில் அதே ஸ்டென்சில் வரிசையைச் சேர்ந்த ஒன்பது. தனக்குச் சாதகமானதை மட்டும் கொண்டுபோனால் அது நிரூபணம் ஆகாது என்று அவளுக்குத் தெரியும்.

எட்டின் மேல்வட்டத்தில், வலது தோளில், ஒரு கசிவு இருந்தது. ஸ்டென்சில் தகடு சரியாகப் படியாமல் அதன் அடியில் பெயின்ட் புகுந்து, விரல் அகலத்துக்கு ஒழுங்கில்லாமல் பிதுங்கியிருந்தது. பூதக்கண்ணாடிக்குக் கை பரபரத்தது. கோட்டை வழவழவென்று வளைத்துவிட்டால் எவ்வளவு அழகாக இருக்கும்! ஆறு வருஷத்துக்கு முன்னால் என்றால் யோசிக்காமல் செய்திருப்பாள். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தப் பிதுக்கலின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் உள்ளபடி வரைந்தாள். ஒரு கசிவுக்கு ஒன்றரை நாள் போயிற்று.

அவள் இயந்திரம் சாண் அகலத்துக்குமேல் அடிக்காது. எனவே கீற்றுக் கீற்றாக அடித்து, ஒன்றோடு ஒன்று பொருத்த வேண்டியிருந்தது. அந்த வேலையை நாத்தனார் பிடுங்கிக்கொண்டாள். "நீ வெட்டினா கண்ணு கலங்கிக் கோணலாப் போயிடும். நகரு." மயிரிழை பிசகாமல் வெட்டி ஒட்டினாள். ஒட்டி முடித்து, அந்தப் பெரிய எட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

கிடங்கில் முற்பகல் வெயில் மேல் ஜன்னல் வழியாக விழுந்துகொண்டிருந்தது. நீளமான மேஜை. அதன்மேல் தகடு. இரண்டு கை அகலம்தான். ஒரு ஓரம் மடங்கி, கீழ்ப்பக்கம் கிழிந்து, உப்பு தின்று சொரசொரத்துக் கிடந்தது. அதில் திட்டுத் திட்டாக மிஞ்சியிருந்த வெள்ளை பெயின்ட்டில் ஒரு வட்டம் தெரிந்தது. டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு மேஜையின் தலைப்பக்கம் நின்றார். தகட்டைத் தொடவில்லை.

"முதல்ல ஒன்பது," என்றாள் பூதக்கண்ணாடி.

ஃபிலிமை விரித்து, ஆணி வரிசைக்கு நேராகப் பொருத்தி வைத்தாள். வட்டம் வட்டத்தின்மேல் உட்கார்ந்தது. கிட்டத்தட்டச் சரியாகவே இருந்தது.

"நாங்க சொன்னதும் இதைத்தானே," என்றார் அலுவலர் மெதுவாக.

டீச்சரின் முகத்தில் சட்டென்று ஏதோ மலர்ந்தது. முப்பத்தொரு வருஷப் பழக்கம், அதுவாகவே வந்துவிட்டது. பூதக்கண்ணாடி அதைப் பார்த்தாள். இப்போதுகூட ஃபிலிமைச் சுருட்டிக்கொண்டு, மன்னிச்சுக்குங்க, நீங்க சொன்னதே சரின்னு கிளம்பிவிடலாம். நாத்தனார் குற்றம் சொல்ல மாட்டாள். யாருமே சொல்ல மாட்டார்கள்.

"இருங்க சார். இன்னொண்ணு இருக்கு," என்றாள்.

எட்டை விரித்தாள். ஆணி வரிசைக்கு நேராக வைத்தாள். வட்டம் பொருந்திற்று. வலது தோளில், அவள் ஒன்றரை நாள் குனிந்து வரைந்த அந்தக் கசிவின் சிவப்புக் கோடு, தகட்டில் மிஞ்சியிருந்த பெயின்ட்டின் பிதுக்கலைச் சுற்றி மேட்டுக்கு மேடு, பள்ளத்துக்குப் பள்ளம் ஓடிற்று.

அலுவலர் லென்ஸை வாங்கிக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. ஒன்பதை எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தார். அந்த இடத்தில் பிதுக்கல் கோட்டுக்கு வெளியே அநாதையாக நின்றது. எட்டை மறுபடி வைத்தார்.

"பொருந்துதும்மா," என்றார். பூதக்கண்ணாடியைப் பார்த்துச் சொல்லவில்லை. டீச்சரைப் பார்த்துச் சொன்னார்.

டீச்சர் லென்ஸுக்குக் கை நீட்டினார். அவரும் குனிந்து, கோட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை, விடைத்தாள் திருத்துகிறவர்போல நிதானமாகப் பார்த்தார். பிறகு லென்ஸை மேஜையில் வைத்துவிட்டு, உள்ளங்கையைத் தகட்டின்மேல் வைத்தார். உப்புச் சொரசொரப்பில் கை அப்படியே கிடந்தது. முதுகு குலுங்கிற்று. சத்தம் பிறகுதான் வந்தது. வாய்விட்டு, கூச்சமில்லாமல், கிடங்கே கேட்கும்படி அழுதார். பூதக்கண்ணாடி பக்கத்தில் போய் நின்றாள். தொடலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள். டீச்சரே அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், வலிக்கிற அளவுக்கு இறுக்கமாக.

அழுகை அடங்கிய பிறகு அலுவலர் நாற்காலியை இழுத்துப் போட்டார். மூடிய கோப்பைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். விண்ணப்பதாரர் யார் என்ற இடத்தில் முன்பே தட்டச்சு செய்திருந்தது: காணாமற்போனவரின் மனைவி.

"இதை மாத்தி எழுதணும்மா," என்றவர், என்னவென்று எழுத வேண்டும் என்பதைச் சொல்ல முடியாமல் தடுமாறினார்.

டீச்சர் பேனாவைத் திறந்தார். 'காணாமற்போனவரின்' என்பதன்மேல் ஒரு நேர்கோடு போட்டார். அதற்கு மேலே 'இறந்தவரின்' என்று எழுதினார்.

அலுவலர் தயங்கித் தயங்கி, அடுத்த சொல்லின்மேல் விரலை வைத்தார். "மன்னிச்சுக்குங்க. விதிப்படி இதையும் மாத்தணும். இனிமே மனைவின்னு போடக் கூடாது. விதவைன்னு..."

"அதுல தப்பு ஒண்ணும் இல்லையே," என்றார் டீச்சர். "அதைத் திருத்தாதீங்க."

அலுவலர் விரலை எடுத்துக்கொண்டார்.